கொத்திப் போட்ட இடத்தில் விழுந்த பந்து

எனக்கு வருகிற ஆடிக்கு எழுபத்தொன்று. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து; மற்ற இரண்டும் என் தங்கச்சி விட்டுவிட்டுப் போனவை. அந்த ஐந்தில் ஒன்றுகூட என்னிடம் பொய் சொல்லித் தப்பித்ததில்லை. வரிசையாக நிற்க வைத்து நாக்கை நீட்டச் சொல்வேன். நாவற்பழம் தின்றது யார் என்று நாக்கே சொல்லிவிடும். நான் பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரைதான். ஆனாலும் திருடனைக் கண்டுபிடிப்பதில் நான் வக்கீலுக்குப் படித்தவள் (என்று நான்தான் சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொன்னதில்லை).

அப்படிப்பட்ட நான், அறுபத்து நாலாவது வயதில், ஊர்ப்பட்ட பெரிய மனுஷர்கள் பார்க்க, ஒரு யோக்கியமான ஆளைத் திருடன் என்று கத்திவிட்டேன். யோக்கியமான ஆள் என்று சொல்வதும் சரியில்லை. அவர் யோக்கியரே இல்லை. நான் கத்திய அந்த ஒரு நிமிஷம் மட்டும் யோக்கியராக இருந்தார். என் தலையெழுத்து அதுதான்.

தேர்வாய் கண்டிகையில் தொழிற்பேட்டை வந்தது. கம்பெனிகள் வந்தன. கம்பெனிக்கு நாலு மேனேஜர்கள் வந்தார்கள். மேனேஜர் என்று வந்துவிட்டால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வரத்தானே செய்யும்? அந்த ஞாயிற்றுக்கிழமையைப் போக்குவதற்காகக் கொஞ்ச தூரத்தில் ஒரு கோல்ஃப் மைதானம் போட்டார்கள். (பெயர் சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டியவர்கள் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறார்கள்.) எங்கள் தெருவுக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் லாரி வரும். அந்தப் புல்லுக்குத் தினமும் காலையும் மாலையும் குளியல். நான் அங்கே களை எடுக்கும் வேலையில் சேர்ந்தேன்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கோழிமுட்டையைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் பந்து. நீளக் கம்பி ஒன்றால் அதை அடித்து அடித்து, எங்கேயோ கொடி நட்டு வைத்திருக்கிற குழியில் விழ வைக்க வேண்டும். குறைந்த அடியில் விழ வைத்தவர் ஜெயித்தவர். அவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு கூத்து உண்டு. கிரிக்கெட் மாதிரி பக்கத்தில் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு நடுவர் நிற்க மாட்டார். எத்தனை அடி அடித்தேன் என்று அடித்தவரே எண்ணிச் சொல்ல வேண்டும். பாலில் தண்ணீர் கலந்தாயா என்று பால்காரரையே கேட்டு எழுதிக்கொள்வது போல.

எனக்கு ரூல் சொல்லிக் கொடுத்தவர் மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற தேசிகன் சார். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததாக அவருக்கே தெரியாது. திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். அண்ணன் தம்பிகள் பெருமாளிடம் இருந்துவிட்டார்கள், இவர் மட்டும் எப்படியோ பந்திடம் வந்துவிட்டார். ஆனால் வளர்ப்பு போகுமா? பெருமாளுக்கு எந்த வேளைக்கு எந்தத் தளிகை என்பதில் எவ்வளவு கண்டிப்போ, பந்துக்கும் அவ்வளவு கண்டிப்பு. காலையில் கொட்டகையில், ஆடுகிறவர்களின் கம்பிப் பையைத் தூக்குகிறவர்களை உட்கார வைத்துப் பாடம் எடுப்பார். நான் கொட்டகைக்குப் பின்னால் களைக்கொத்தோடு உட்கார்ந்திருப்பேன்.

"மூலமந்திரம் ஒண்ணுதான், கேட்டுக்கோங்கோ," என்பார். "பந்து எங்க கெடக்கறதோ, எப்படிக் கெடக்கறதோ, அங்கயே, அப்படியே அடிக்கணும். கையால தொடப்படாது. காலால தொடப்படவே படாது. மத்ததெல்லாம் இதுக்கு வியாக்கியானம்."

அந்த மூலமந்திரம் எனக்குப் பிடித்துவிட்டது. வாழ்க்கையும் அப்படித்தானே? நான் ரயிலடிக்குப் பக்கத்து மணவாள நகரில் பிறந்திருந்தால் டீச்சராகியிருப்பேன், ரயிலில் வேலைக்குப் போயிருப்பேன் என்று புலம்பி என்ன பயன்? விழுந்த இடத்திலிருந்துதான் அடித்தாக வேண்டும். அந்த வியாக்கியானம் மட்டும் நான் கேட்கவில்லை. தேசிகன் சார் வியாக்கியானத்துக்கு வரும்போது சரியாக எங்களுக்கு நாஷ்டா நேரம் வந்துவிடும்.

இப்படியாக, பாதி ரூலைப் படித்துவிட்டு, முழுப் போலீஸாக மாறினேன்.

மைதானத்தில் நான் பார்த்த அநியாயங்களைச் சொன்னால் இந்த நோட்டு போதாது. ஒருவர் ஏழு அடி அடித்துவிட்டு விரலை நீட்டி "நாலு" என்பார். (இத்தனைக்கும் அவர் கணக்குப் பிரிவு.) ஒருவருக்கு முதல் அடி எப்போதுமே கணக்கில் சேராது, அது "சும்மா பாத்தேன்". இன்னொருவருக்குக் கால்சட்டைப் பையில் ஓட்டை. பந்து காணாமல் போன இடத்தில் அந்த ஓட்டை வழியாக இன்னொரு பந்து சறுக்கி இறங்கும். எல்லாருக்கும் ராஜா ஒருவர் இருந்தார். கிருபாகரன் சார். நாங்கள் வைத்த பெயர் பூட்ஸு சார். பந்து புதரில் விழுந்துவிட்டால், "நான் தேடறேன், நான் தேடறேன்" என்று முதல் ஆளாக ஓடுவார். பூட்ஸ் நுனியால் ஒரே தட்டு. பந்து புல்வெளிக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். "அட, இங்க இருக்கு பாரு!" என்று அவரே வியந்துபோவார். அந்த வியப்பைப் பார்த்தால் நமக்கே சந்தேகம் வந்துவிடும், ஒருவேளை பந்துதான் நடந்து வந்ததோ என்று.

என்னோடு களை எடுத்த ஸ்டெல்லாவுக்கு இதிலெல்லாம் அக்கறையே கிடையாது.

"யக்கா, அவுங்க இன்னா உலகக் கோப்பையா ஆட்றாங்க? வாரத்துல ஒரு நாளு வெயில்ல நடக்க வர்றாங்க. காலால தள்னா இன்னா, கையால தள்னா இன்னா? உனுக்கு ஏன் வவுறு எரியுது?"

"நீ தாயம் ஆடசொல்லோ ஒரு கட்டம் தள்ளி காய வெச்சா வுடுவியா?"

"அது தாயம்க்கா. அதுல மானம் கீது."

என் வயிறு எரிந்ததற்கு வேறு காரணம் இருந்தது. என் கடைசி மகன் ஏழுமலை வேலை செய்தது பூட்ஸு சாரின் கம்பெனியில். டப்பாக்களுக்கு மூடி செய்கிற கம்பெனி. அங்கே எட்டு மணி ஒரு நிமிஷத்துக்குக் கார்டைத் தேய்த்தால் அரை நாள் சம்பளம் போச்சு. கேட்டால் ரூல். சாப்பிட்டுவிட்டு மூன்று நிமிஷம் தாமதமாக வந்தால் மெமோ. அதுவும் ரூல். அந்த மெமோவில் கையெழுத்துப் போடுகிற அதே ஆள்தான் ஞாயிற்றுக்கிழமை வந்து பந்தைப் பூட்ஸால் தள்ளுகிறார். ஐந்து வருஷம் பார்த்தேன். ஐந்து வருஷமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் ஏழுமலை அப்போது கான்ட்ராக்ட் தொழிலாளி. ஆறு வருஷமாகக் கான்ட்ராக்ட். கவரப்பேட்டையில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்திருந்தோம். நல்ல பெண், நர்ஸு வேலை. அவளுடைய அப்பா ஒரே வார்த்தையில் நின்றார்: "பர்மனென்ட் லெட்டர கண்ணால பாத்தாத்தான் தட்டு மாத்துவோம்மா. இல்லனா மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க, வேற எடம் பாத்துக்குவோம்." அவரையும் குறை சொல்ல முடியாது. நானே பெண்ணைப் பெற்றவள். நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அந்த வருஷம் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குள் ஒரு கோல்ஃப் போட்டி வைத்தார்கள். பூட்ஸு சாருடைய கம்பெனியின் சேர்மனே சென்னையிலிருந்து வந்து ஆடப்போகிறார் என்று பேச்சு. போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் ஏழுமலை வேலையிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்தான்.

"எம்மா, ஒண்ணு சொன்னா கேப்பியா?"

"சொல்லு நைனா."

"திங்கக்கெழம பர்மனென்ட் லிஸ்ட்டு கையெழுத்தாவுது. பன்னெண்டு பேரு. அதுல நானும் ஒருத்தன். போடப்போறது உங்க பூட்ஸு சாரு."

"எங்க பூட்ஸு சாரு இல்ல. உங்க மேனேஜரு."

"அத்த வுடும்மா. நாயித்துக்கெழம நீ வேலைக்குப் போவாத. ஒடம்பு சரியில்லனு சொல்லிடு."

"எனுக்கு ஒடம்பு நல்லாத்தான கீது?"

"ஒன் ஒடம்புக்குப் பயப்படலம்மா. ஒன் வாய்க்குத்தான் பயப்படறேன்."

பெற்ற தாயைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவன் தலையில் கையை வைத்து, "ஒன் தல மேல சத்தியம்டா. வாயத் தொறந்தா ஏன்னு கேளு" என்றேன். அவன் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

போட்டியன்று காலையில் தேசிகன் சார் என் கையில் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்தார். ஏழாவது குழிக்குப் போகிற வழி ஒரு வேப்பமரத்தைத் தாண்டி வளைகிறது. அடிக்கிறவர்களுக்கு அந்த வளைவுக்கு அப்பால் பந்து எங்கே விழுந்தது என்று தெரியாது. நான் வேப்பமரத்தடியில் நின்று, பந்து விழுந்த இடத்தைப் பார்த்துக் கொடியைக் காட்ட வேண்டும்.

"நீ ஒருத்திதான் தூங்கமாட்டே, அதான் ஒன்னப் போட்டிருக்கேன்," என்றார். "பந்தைத் தொடப்படாது. பேசப்படாது. கொடியை மட்டும் காட்டணும், புரிஞ்சுதா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து வருஷம் குனிந்தே பார்த்த மைதானத்தை அன்றைக்குத்தான் நிமிர்ந்து நின்று பார்த்தேன். கண்ணாடி மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. கண் முகாமில் கொடுத்த கண்ணாடி வீட்டில் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. அதைப் போட்டால் கிழவி மாதிரி தெரிகிறேன் என்று எனக்கு ஒரு எண்ணம் (அறுபத்து நாலு வயதில்!).

வேப்பமரத்துக்கு எதிரில், ஓர் ஐம்பது அடி தூரத்தில், நான் முந்தாநாள் கோரைப்புல் எடுத்த இடம் இருந்தது. கோரையைப் பற்றித் தெரியுமல்லவா? மேலே கிள்ளினால் கீழே இருந்து சிரிக்கும். கிழங்கோடு கொத்தி எடுக்க வேண்டும். அதனால் அந்த இடம் உழுது போட்ட வயல் மாதிரி பொலபொலவென்று கிடந்தது. அதைச் சுற்றி வெள்ளையாக ஏதோ வட்டமாகத் தெரிந்தது. நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. நம்ம ஊரில் மந்திரி வந்தாலும் கலெக்டர் வந்தாலும் ரோட்டோரம் பிளீச்சிங் பவுடர் கோடு போடுவது வழக்கம். சேர்மன் வருகிறார், போட்டிருக்கிறார்கள். நீளமாகப் போடாமல் வட்டமாகப் போட்டிருக்கிறார்களே, சேர்மன் பெரிய ஆள்தான் போலிருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. முதலில் வந்த நாலு பேரில் ஒருவர் பந்தைத் துடைக்கிற சாக்கில் இரண்டு முழம் முன்னால் வைத்தார். நான் பேசவில்லை. அடுத்த நாலு பேரில் ஒருவர் வேப்பமரத்து வேரில் கிடந்த பந்தை என் எதிரிலேயே எடுத்து, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். (என்னைப் பார்த்து! கண்ணடித்தார்!) அப்போதும் பேசவில்லை. மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து இரண்டாக, மூன்றாக மடித்து வாயை அடைத்துக்கொண்டேன். சத்தியத்தைக் காப்பாற்ற வெற்றிலையைவிட நல்ல சாதனம் கிடையாது. துப்புவதற்கு இடம் இல்லாததால் விழுங்கிக்கொண்டும் இருந்தேன். நாலாவது வெற்றிலையில் எனக்கு லேசாகத் தலை சுற்றியது.

அப்போதுதான் பூட்ஸு சாரும் சேர்மனும் வந்தார்கள். கூட இரண்டு பேர். பின்னால் வேடிக்கை பார்க்க வேறு கம்பெனி ஆட்கள், அவர்களுடைய வீட்டம்மாக்கள் என்று ஒரு கூட்டமே நடந்து வந்தது. சேர்மனுடைய பந்து நல்ல இடத்தில் விழுந்தது. பூட்ஸு சாரின் பந்து மேலே போய், வளைந்து, நான் கொத்திப் போட்ட மண்ணில் பொத்தென்று விழுந்து பாதி புதைந்துவிட்டது.

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஐந்து வருஷம்! ஐந்து வருஷம் கழித்து, சேர்மன் பார்க்க, அதுவும் என் கையால் கொத்திய மண்ணில்! கொடியைத் தூக்கித் திருவிழாவில் ஆட்டுவது போல ஆட்டினேன்.

பூட்ஸு சார் வந்தார். பந்தைப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. நாவற்பழம் தின்ற பிள்ளை எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியாதா? அப்புறம் குனிந்தார். பூட்ஸைக்கூட நீட்டவில்லை. கையை விட்டார். பந்தை எடுத்தே விட்டார்.

"சார்! வெய்யி சார் கீழ!"

சத்தியமாக நான் பேச வேண்டும் என்று பேசவில்லை. வெற்றிலையோடு சேர்ந்து வார்த்தையும் வெளியே வந்துவிட்டது. கூட்டம் நின்றது. நான் கொடியைத் தூக்கிக்கொண்டு அவரைப் பார்த்து ஓடினேன். அந்த வேகத்தில் நான் என் கல்யாணத்துக்குப் பிறகு ஓடியதில்லை.

"கெடந்த எடத்துல கெடந்தபடி அடிக்கணும் சார்! கையில தூக்கிட்ட இல்ல? ஒரு அடி கூட்டிக்கோ! சேர்மன் ஐயா, எழுதிக்கோங்க, ஒரு அடி கூட்டு!"

பூட்ஸு சாரின் முகம் செங்கல் மாதிரி ஆகிவிட்டது. "ஏம்மா, உனக்கு என்னம்மா தெரியும்? தள்ளு," என்றார். சொல்லிவிட்டு, பந்தை முழங்காலுக்கு நேராகப் பிடித்து, மண்ணுக்கு வெளியே புல்லில் போட்டார்.

அதையும் பார்த்துவிட்டேன். எனக்கு இன்னும் குஷியாகிவிட்டது. ஒன்றுக்கு இரண்டு குற்றம்! பந்தைக் கீழே போட வேண்டி வந்தால் தோளுக்கு நேராகக் கையை நீட்டித்தான் போட வேண்டும் என்று தேசிகன் சார் நின்று காட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

"தோளு! தோளு! முட்டிக்கிட்ட போட்டா அது பந்தா, அடைக்கி வெக்கிற முட்டையா? நாங்க இன்னா கண்ணில்லாதவங்களா? அஞ்சு வருசமா பாத்துக்கினுதான் கீறேன், காலால தள்ளி தள்ளியே காலம் ஓட்டிட்ட. திருட்டாட்டம் இன்னா திருட்டாட்டம்!"

கூட்டத்தில் ஒரு அம்மா "அய்யய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். சேர்மன் தொப்பியைக் கழற்றி என்னை ஒரு முறை பார்த்தார், பூட்ஸு சாரை ஒரு முறை பார்த்தார். "யாராவது ரூல் தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க," என்றார்.

"கூப்பிடுங்க! ஐயங்கார் சாரையே கூப்பிடுங்க!" என்று நானும் சொன்னேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அந்த நேரத்தில் என்னை யாராவது ஃபோட்டோ எடுத்திருந்தால், இடுப்பில் ஒரு கை, கொடியில் ஒரு கை, வாயோரம் வெற்றிலைச் சிவப்பு, சாட்சாத் எல்லையம்மனாக இருந்திருப்பேன்.

தேசிகன் சார் பேட்டரி வண்டியில் வந்து இறங்கினார். என் வழக்கைக் கேட்டார். மண்ணைப் பார்த்தார். வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். பிறகு, கோயிலில் தீட்டுப் பட்டுவிட்டதைச் சொல்கிற குரலில் மெதுவாகக் கேட்டார்:

"இந்த எடத்தைக் கொத்தினது யாரு?"

"நான்தான் சார்."

"சுத்தி கோடு போட்டது நான். விடிகாலம்பற சுண்ணாம்பு எடுத்துண்டு வந்து போட்டேன். இது பழுது பாக்கற எடம். இதுல விழுந்தா பந்தை எடுத்து வெளில போட்டுக்கலாம். அடி கூட்டப்படாது. இதுவும் ரூல்தான்."

"அப்ப தோளு..." என்றேன்.

"தோள் போன வருஷம். இந்த வருஷம் மாத்திட்டா. முழங்கால்தான். அவர் பண்ணினது அத்தனையும் ரொம்பச் சரி. என்கிட்ட நேத்து ரூல் புஸ்தகத்தை வாங்கிண்டு போய் படிச்சுட்டு வந்திருக்கார்."

சேர்மனோடு ஆடப்போகிறோம் என்று பயந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ரூல் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்திருக்கிறார் மனுஷர்! ஐந்து வருஷத்தில் அவர் செய்த ஆயிரம் திருட்டுக்கும் மூடியிருந்த வாயை, அவர் செய்த ஒரே ஒரு நேர்மைக்குத் திறந்திருக்கிறேன். அதைவிடக் கொடுமை, பூட்ஸால் தள்ளியதைப் பற்றி நான் சொன்ன உண்மையையும் இனி ஒருவரும் நம்பப்போவதில்லை. "பாவம், வயசானவங்க," என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் சிரித்தது. சிரிப்பு என் பக்கமாகத்தான் வந்தது.

பூட்ஸு சாரின் முகத்தில் அப்போது ஒரு ஒளி வந்தது பாருங்கள்! தப்பு செய்து மாட்டாதவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். தப்பே செய்யாமல் மாட்டியவரின் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். "பரவாயில்லை சார், அவங்களுக்குத் தெரியாது. நம்ம ரூல்படி ஆடுனா போதும்," என்று சேர்மனிடம் கையை விரித்தார். அவருக்கே அவர்மீது மரியாதை வந்துவிட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் என் மகள் வயிற்றுப் பேத்தியிடம் இதை எழுதச் சொல்லியிருக்க மாட்டேன். சாயங்காலம் பரிசளிப்பு. ஜெயித்தவருக்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள். அப்புறம் சேர்மன் ஒலிபெருக்கியைப் பிடித்து, இன்னொரு கோப்பை தருவதாகச் சொன்னார். நேர்மைக் கோப்பை. யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. "யாரும் பாக்காதப்பவும் ரூல்படி நடக்கறதுதான் நேர்மை. அபாண்டமா பழி வந்தப்பவும் கிருபாகரன் பொறுமையா இருந்தாரு," என்று பேசினார். யாரும் பார்க்காதபோது பூட்ஸு சாரைப் பார்த்த ஆள் நான். அந்தக் கோப்பையைத் தட்டில் வைத்து மேடைக்கு ஏந்திப் போகச் சொல்லி என் கையிலேயே கொடுத்தார்கள்! சேலை கட்டிய ஆள் வேண்டுமாம். வந்திருந்த வீட்டம்மாக்கள் எல்லாம் பேன்ட் போட்டிருந்தார்கள்.

கோப்பையை எடுக்கும்போது பூட்ஸு சார் குனிந்து, சிரித்த முகம் மாறாமல், என் காதருகில் கேட்டார்:

"ஏம்மா, உன் பையன் நம்ம கம்பெனிதானே? பேரு என்ன?"

அன்றைக்கு மட்டும் பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். நினைப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "ஏழுமலைங்க சார்."

வீட்டுக்குப் போனால், செய்தி எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. ஏழுமலை தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தான்.

"எம்மா, சத்தியம் என் தல மேலதான பண்ண?"

"ஆமாண்டா."

"அதான் தல போவுது."

வளர்த்த ஐந்து பேரிலும் எனக்கு அடங்கிய பிள்ளை அவன். கவரப்பேட்டைப் பெண்ணின் ஃபோட்டோவை ஃபோனில் திறப்பான், பார்ப்பான், ஃபோனை அணைப்பான். ஒரு பந்தை யார் எங்கே வைத்தால் உனக்கென்னடி கிழவி என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். ஸ்டெல்லா கேட்டபோது வராத கேள்வி, அன்றைக்கு வந்தது.

திங்கட்கிழமை நடந்ததை ஸ்டெல்லாவின் மருமகள்தான் சொன்னாள். அந்தக் கம்பெனி ஆபீஸில் டீ கொடுப்பவள் அவள். பூட்ஸு சார் மேஜைமேல் கோப்பையை, வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருந்தாராம். ஆட்கள் கணக்கைப் பார்க்கிற பர்சனல் மேடம் பன்னிரண்டு பேர் ஃபைலோடு போயிருக்கிறார்.

"எல்லாம் ரூல்படி பாருங்க மேடம். சும்மா கையெழுத்து வாங்கக் கூடாது. ஒவ்வொரு ஃபைலா ரூல் புக்கோட வெச்சுப் பாருங்க. முக்கியமா இந்த ஏழுமலை," என்றாராம் சார்.

"பாத்துட்டேன் சார். ரூல்படி பாத்தா இவங்க பன்னெண்டு பேரும் எப்பவோ பர்மனென்ட் ஆயிருக்கணும். இத்தனை நாள் தொடர்ந்து வேலை செஞ்சா கொடுத்தே ஆகணும்னு இருக்கு. நாமதான் கொடுக்கலை."

"அப்படியா இருக்கு ரூல்ல?"

"ஆமா சார். காட்டட்டுமா?"

பேனாவை எடுத்த பூட்ஸு சார் அதை முழங்காலுக்கு நேராகத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தாராம். எதிரில் கோப்பை. கோப்பையில் 'நேர்மை' என்று பொறித்திருக்கிறது. காலால் தள்ளலாம் என்றால் ஃபைல் மேஜைமேல் இருக்கிறது; கால் எட்டாது. பன்னிரண்டு கையெழுத்தும் போட்டுவிட்டார்.

கவரப்பேட்டையில் தட்டு மாற்றினோம். இது யாரால் நடந்தது என்று இன்றுவரை மூன்று கட்சி. ரூலால் நடந்தது என்கிறான் ஏழுமலை. தன் பெருந்தன்மையால் நடந்தது என்று பூட்ஸு சார் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. நான் கத்தியதால்தான் நடந்தது என்று நான் சொல்கிறேன். என் கட்சியில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

மைதானத்தில் எனக்கு என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? வேலையை விட்டு எடுக்கவில்லை. அடுத்த போட்டிக்கு அந்த மைதானத்துக்கென்று தனியாக ஒரு ரூல் தாள் அச்சடித்துக் கொடுத்தார்கள். தேசிகன் சார் எனக்குப் படித்துக் காட்டினார். கடைசி வரி: களை எடுக்கும் பணியாளர்கள் ஆட்டக்காரரின் ஆட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது. அது எனக்காகவே போட்டது. போட்டி நடக்கிற நாளில் எனக்குச் சம்பளத்தோடு லீவும் கொடுத்தார்கள். தன் ஒருத்தியின் வாய்க்காக ரூலே எழுத வைத்தவள் இந்த ஜில்லாவில் வேறு யாராவது இருந்தால் காட்டுங்கள்.

பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்கள் ரூலைத் தெரிந்துகொண்டு ஆட வேண்டுமா, சும்மா விட்டுவிடலாமா என்று ஸ்டெல்லா இப்போதும் கேட்பாள். தெரிந்துகொண்டுதான் ஆட வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. தெரிந்துகொள்வதாக இருந்தால் வியாக்கியானத்தோடு தெரிந்துகொள்ளுங்கள், நாஷ்டாவுக்கு எழுந்து போய்விடாதீர்கள். முந்தின நாள்வரை ஒன்றும் தெரியாதவர் கோப்பை வாங்கிக்கொண்டு போனார். பாதி தெரிந்தவள் அதைத் தட்டில் ஏந்திக்கொண்டு போனேன். முழுதும் தெரிந்த தேசிகன் சாருக்கு அன்றைக்கு ஒரு டீகூட யாரும் கொடுக்கவில்லை.

வீட்டில் என் அதிகாரம் அன்றோடு போயிற்று. இப்போது டப்பாவில் முறுக்கு குறைந்தால் நான் யாரையும் நாக்கை நீட்டச் சொல்ல முடிவதில்லை. "யாருடா எடுத்தது?" என்று வாயைத் திறந்தாலே, வாண்டுகளிலிருந்து பெரியவர்கள் வரை ஒரே குரலில், "கோடு போட்ட எடமானு பாத்தியா ஆயா?" என்று கேட்கிறார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகக் கேட்பவள் கவரப்பேட்டையிலிருந்து வந்த மருமகள்தான். நான் கத்தாமல் இருந்திருந்தால் இந்த வீட்டுக்குள் வந்திருப்பாளா? அதைச் சொன்னால், அதற்கும் சிரிப்பு.

நிவேதா, எழுதி முடிச்சிட்டியா கண்ணு? மொதல்லருந்து ஒருவாட்டி படி, கேக்கறேன். நான் கத்துன எடம் வரசொல்லோ மட்டும் கொஞ்சம் சத்தம் கொறச்சி மெதுவா படி. உங்க அத்த அடுப்பாண்ட கீறா.